காப்பிக் கொட்டையும் துறைமுகப் புகையும்

இல்லத்தரசிகளே! ‘இயற்கை வேளாண்மையில் விளைந்தது’ என்ற முத்திரையை நம்பிக் கூடுதல் விலைக்குக் காப்பித் தூள் வாங்குகிறீர்களா? அம்முத்திரை தோட்டத்திற்குச் சான்று. கொட்டை கடல் கடந்து வந்ததாயின், துறைமுகத்தில் அதற்கு நேர்ந்ததையும் கேட்டறியுங்கள்.

வறுக்காத பச்சைக் கொட்டையினுள் காய்த்துளைப்பான் வண்டு ஒளிந்து வரக்கூடும். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அவ்வண்டு 1990-இல் நம் நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் தென்பட்டது. 2010-இல் ஹவாய்த் தீவில் கண்டறியப்பட்டது. ஆகவே, இறக்குமதி நாடுகள் அஞ்சுவதில் நியாயம் உண்டு.

அதற்காக மூட்டைகளைக் காற்றுப் புகாமல் மூடி மெத்தில் புரோமைடு வாயுவைச் செலுத்துவர். நிறமற்ற அவ்வாயு வண்டைக் கொல்லும்; கவனம் பிசகினால் அங்கே பணிபுரியும் ஏழைத் தொழிலாளியின் நரம்பையும் நுரையீரலையும் தாக்கும். (அவரை யார் நினைக்கிறார்கள்?) ஓசோன் படலத்தையும் அது சிதைப்பதால், மாண்ட்ரியல் உடன்படிக்கை அதன் பொதுப் பயன்பாட்டை வளர்ந்த நாடுகளில் 2005-லும் வளரும் நாடுகளில் 2015-லும் முடிவுக்குக் கொணர்ந்தது. சரக்குகளின் பூச்சித் தடுப்புக்கு விலக்களித்தது.

அருந்துவோர் பீதியடைய வேண்டாம். காற்றாட விடுவதாலும் வறுப்பதாலும் வாயுவின் பெரும்பகுதி நீங்கிவிடும். எனினும், அதிகாரிகளின் கட்டாயத்தால் இவ்வாயு ஊட்டப்பட்ட சரக்கைக்கூட, அமெரிக்க விதிகளின்படி, இயற்கை விளைபொருள் என விற்க இயலாது. உறையவைத்தல், கரியமில வாயு ஊட்டல் போன்ற மாற்று வழிகள் உள்ளன. இறக்குமதி நாடு அவற்றை ஏற்க வேண்டும் என்பதே சிக்கல்.

எந்த நாட்டுக் கொட்டை, புகையூட்டுச் சான்றிதழில் எழுதியுள்ள மருந்து எது என்று விற்பனையாளரிடம் தயங்காமல் கேளுங்கள். ஏற்காட்டுக் கொட்டையோ பழனி மலைக் கொட்டையோ வாங்குவோருக்கு இக்கேள்வியே எழாது.