சக்கரம் பூட்டிய வீடும் அதன் மூச்சும்

விறகு அடுப்பில் சமைத்துப் பழகிய நம் தாய்மார்களுக்கு ஒரு நுணுக்கம் நன்றாகத் தெரியும். அடுப்பு நிறைய விறகைத் திணித்தால் தீ எரியாது, புகைதான் வரும். கண் கரிக்கும், பானை கரியேறும். விறகைச் சற்று வெளியே இழுத்துவிட்டு ஊதுகுழலால் ஊதினால் 'குப்'பென்று பற்றிக்கொள்ளும். விறகு எவ்வளவு, காற்று எவ்வளவு என்பதில்தான் சமையலே இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினுக்கும் இதே கதைதான். அந்தக் கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதை, அமெரிக்காவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய வண்டியை வைத்துப் பார்ப்போமே!

ஓடும் வீடு

கட்டில், சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டியை 'மோட்டார்ஹோம்' என்பார்கள். குடும்பத்தோடு ஏறிக்கொண்டால் ஊர் ஊராகப் போகலாம். இருட்டிய இடத்தில் நிறுத்தித் தூங்கலாம். 1973 முதல் 1978 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஜிஎம்சி' என்ற பெயரில் இத்தகைய வண்டிகளைச் செய்தது. 23 அடி, 26 அடி என்று இரண்டு நீளங்கள். உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகியும் அவற்றை விட மனமில்லாமல் பேணி ஓட்டுகிறவர்கள் பலர்.

அதன் எஞ்சின் எட்டு சிலிண்டர், 7.5 லிட்டர். நம் தோட்டத்து 100 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சின்கள் 75-ஐச் சேர்த்துக் கட்டியதற்குச் சமம்! 1977-இல் 6.6 லிட்டர் எஞ்சினுக்கு மாறினார்கள். எதுவானாலும் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டர்தான்.

பட்டினியும் திகட்டலும்

1 கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். சமதரையில் இந்த அளவை ஒட்டி ஓடினால் போதும். பாரத்தோடு மேடு ஏறும்போது 1 கிலோ பெட்ரோலுக்கு 12.5 அல்லது 13 கிலோ காற்று என்று, பெட்ரோல் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

பெட்ரோல் மிகுந்துவிட்டால் 'ரிச்' என்பார்கள் மெக்கானிக்குகள். கருப்புப் புகை வரும், வாடை அடிக்கும், காசு கரையும். சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைப் பெட்ரோல் கழுவிவிடுவதால் தேய்மானமும் கூடும். ஆனாலும் இந்த நோய் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

பெட்ரோல் குறைந்தால் 'லீன்'. இதுதான் ஊமை நோய். புகை இராது; வாடை இராது. பாரம் இழுக்கும் நேரத்தில் உள்ளே சூடு ஏறி, வால்வு கருகும், பிஸ்டனே ஓட்டையாகலாம். சுமார் 5 டன் எடையுள்ள வீட்டை இழுக்கிற எஞ்சினுக்கு இது பெரிய ஆபத்து. காதும் மூக்கும் காவல் காக்க முடியாத இடம் இது.

புகையைச் சோதிக்கும் கருவி

எனவே, பழைய வண்டிக்காரர்கள் புதுக் கருவி ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். கட்டைவிரல் பருமனுள்ள அந்த உணர்கருவி புகைக்குழாயில் உட்கார்ந்து, வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கிய இவ்வகைக் கருவி, 1976-இல் ஸ்வீடன் நாட்டு வால்வோ காரில் முதலில் இடம்பெற்றது. அன்றைய கருவி 'கூடுதல்', 'குறைவு' என்று மட்டுமே சொல்லும். பின்னர் வந்த 'வைட்பேண்ட்' வகையோ 13, 14.7, 16 என்று எண்ணாகவே ஓட்டுநர் முன்னால் காட்டிவிடும்.

இதன் பயன் மேடு ஏறும்போதுதான் தெரியும். அந்த வண்டியின் கார்புரேட்டரில் மெல்லிய ஊசிகள் பெட்ரோல் துவாரங்களில் தொங்கும். சமதரையில் எஞ்சினின் உறிஞ்சு விசை அவற்றைக் கீழே இழுத்துத் துவாரத்தைக் குறுக்கிவிடும். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் அந்த விசை குறையும். அடியிலுள்ள ஸ்பிரிங் ஊசிகளைத் தூக்க, பெட்ரோல் கூடுதலாகப் பாயும். ஆண்டுக்கணக்கில் அழுக்குச் சேர்ந்து இந்தப் பாகம் கீழேயே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? மேட்டில் எஞ்சின் பட்டினி கிடக்கும். 13 காட்ட வேண்டிய முள் 16-க்குப் போகும். அதைக் கண்ட ஓட்டுநர் மிதியைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, பட்டறைக்குப் போய்விடுவார். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும்.

உயரமான மலையில் நிலைமை நேர்மாறு. கொலராடோ மாநிலத்தில் 1973-இல் திறக்கப்பட்ட ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிவு. கீழ்நாட்டுக்குச் சரிசெய்த கார்புரேட்டர் அங்கே பெட்ரோலை மிஞ்ச ஊற்றும். இன்னொரு சங்கதி: 10 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு 14.1 பங்கு காற்றே போதும். பழைய பெட்ரோலுக்கென்று அமைத்த கார்புரேட்டர் அதனால் சற்றுப் பட்டினிப் பக்கம் சாயும்.

கருவியும் ஏமாறும்

கருவி பெட்ரோலை அளப்பதில்லை. மிஞ்சிய ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. புகைக்குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்று புகுந்தாலும் 'லீன்' என்றே சொல்லும். ஒரு பிளக் தீப்பொறி விடாமல் போனாலும், எரியாத காற்று அப்படியே வெளிவருவதால் அதே பொய்தான். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிவைத்தால் நோய் ஒன்று, மருந்து வேறு! ஆகவே முதலில் குழாய், பிறகு பிளக், கடைசியில்தான் கார்புரேட்டர்.

இவை எல்லாவற்றிலும் பெரிது ஒன்று உண்டு. பெட்ரோல் மிகுந்து எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு அதிகம் உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகைக்குழாய் ஓட்டை வழியே அது உள்ளே கசிந்தால், கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளைகள் எழுந்திருக்கவே மாட்டார்கள். எஞ்சின் கருவி இதற்குக் காவல் அல்ல. வீட்டுப் பகுதியில் இந்த வாயு வந்தால் அலறும் தனிக் கருவி வேண்டும்.

நம் வீட்டு வாசலில்

மோட்டார்ஹோம் நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? புதிய கப்சாய்களில் பெட்ரோலின் அளவை மின்கருவியே பார்த்துக்கொள்கிறது. ஆனால், அப்பா காலத்துக் கார்புரேட்டர் கப்சாய் பல வீட்டு வாசல்களில் இன்னும் நிற்கிறதே! அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சற்று தூரம் ஓட்டிவிட்டு, எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். கரிபிடித்துக் கருத்திருந்தால் பெட்ரோல் மிகுதி; காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் பட்டினி, தள்ளிப்போடாமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மழைக்குப் பயந்து, மூடிய அறைக்குள் வண்டியை வைத்து எஞ்சினை ஓடவிடாதீர்கள். வண்டி கெட்டால் வேறு வாங்கலாம். வீட்டாரின் மூச்சுக்கு மாற்று இல்லை.