பின்னொட்டு நீக்கமும் நிரலாக்க மொழியின் சிறு வசதிகளும்

முன்னுரை

நிரலாக்க மொழியொன்றில் சிறு வசதி ஒன்றைச் சேர்க்க முன்மொழியும்போது, அது தட்டச்சை எவ்வளவு குறைக்கிறது என்பதைவிட எப்பிழையைத் தடுக்கிறது என்பதே முதன்மையாக ஆராயத்தக்கது. பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு 616இன் வழியே, 2020 அக்டோபரில் வெளியான 3.9ஆம் பதிப்பில் இடம்பெற்ற 'ரிமூவ்சஃபிக்ஸ்' என்னும் செயற்கூறு இதற்குத் தக்க சான்றாகும். தமிழ்த் தரவுகளைக் கையாளும் ஆய்வாளர்க்கும் இது பயனுடையது.

பிழையின் தன்மை

சரத்தின் இறுதிப்பகுதியை நீக்குவதற்கு 'ஆர்ஸ்டிரிப்' என்னும் செயற்கூறு பைத்தானில் முன்பே இருந்தது. எனினும், தனக்குத் தரப்படும் உள்ளீட்டை அது ஒட்டாகக் கொள்வதில்லை; தனித்தனிக் குறியீடுகளின் தொகுதியாகவே கொள்கிறது. அத்தொகுதியில் இல்லாத குறியீடு எதிர்ப்படும்வரை இறுதியிலிருந்து நீக்கிக்கொண்டே செல்கிறது.

யூனிக்கோடு முறையில் 'கள்' விகுதி ககரம், ளகரம், புள்ளி என்னும் மூன்று குறியீடுகளால் ஆனது. இதனை 'ஆர்ஸ்டிரிப்' கொண்டு நீக்கினால் 'பூக்கள்' என்பது 'பூ' என்றாகும். விடை சரியாக அமைவது தற்செயலே. அதே முறையில் 'நாள்கள்' என்பது 'நா' எனவும், 'மக்கள்' என்பது 'ம' எனவும் சிதையும். நிரல் பிழைச்செய்தி எதுவும் தராது. இதனால் சொல்லடைவில் நாளும் நாவும் ஒரே சொல்லாக எண்ணப்படும்.

இறுதியைச் சோதித்து, விகுதியின் நீளத்தை எண்ணி வெட்டுதல் மாற்றுவழியாகும். ஆனால் விகுதி வெற்றுச் சரமாக அமைந்துவிடின், வழக்கமான வெட்டுமுறை சொல் முழுவதையும் அழித்துவிடும்.

வசதியின் வரம்பு

'ரிமூவ்சஃபிக்ஸ்' தரப்பட்ட ஒட்டினை முழுமையாக ஒப்பிட்டு, ஒருமுறை மட்டுமே நீக்கும். ஒட்டு இல்லையெனில் சொல்லை மாற்றாது. எனவே 'நாள்கள்' என்பது 'நாள்' என்றே கிடைக்கும். ஆயினும் 'மரங்கள்' என்பது 'மரங்' எனவும், 'பூக்கள்' என்பது 'பூக்' எனவும் நிற்கும். அவற்றை 'மரம்', 'பூ' எனத் திருத்துவது புணர்ச்சி விதிகளை அறிந்த உருபனியல் பகுப்பியின் பணியாகும். ஒரு செயற்கூறு குறைவாகச் செய்யினும், செய்வதை முன்னறியத்தக்கவாறு செய்தல் வேண்டும்.

முடிவுரை

மீண்டும் மீண்டும் நிகழும் பிழை, இருக்கும் வழிகளின் போதாமை, விளிம்புநிலை உள்ளீடுகளிலும் மயக்கமற்ற பொருள் ஆகிய மூன்றும் சிறு வசதியொன்றை ஏற்பதற்குரிய அளவுகோல்கள் எனலாம். முன்பு 'ஆர்ஸ்டிரிப்' கொண்டு விகுதி நீக்கிய தரவுகளை மீளாய்வு செய்வதும் இன்றியமையாததாகும்.