மணிக்கு முந்தி வரும் எண்

முதலில் எது வரும்? தொலைபேசி மணியா, கூப்பிடுகிறவரின் எண்ணா?

காலர் ஐடி பெட்டி இருக்கும் வீட்டில் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். தொலைபேசிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி, அதில் கறுப்பு எண்கள் தெரியும் சின்னத் திரை. நம் நாட்டுச் செம்புக் கம்பி லேண்ட்லைன்களில், பெரும்பாலும் திரையில் எண் வந்து நின்ற பிறகுதான் 'ட்ரிங் ட்ரிங்' என்று மணி அடிக்கும். நம்மைக் கூப்பிடத்தான் மணி. பெட்டிக்கு வேண்டிய செய்தி அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடுகிறது. வீட்டில் ஒருவர் காதிலும் விழாமல் அது எப்படி வந்தது? யார் அனுப்பினார்கள்? இந்த மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

திருத்தணியில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முருகன் மலைக்குப் போகும் 365 படிகளுக்குக் கீழே, ஏதோ ஒரு தெருவில். அந்த வீட்டுச் சுவரில் ரோசெட் என்று சொல்லும் சின்ன வெள்ளை டப்பா இருக்கிறது. தொலைபேசி இணைப்பகமான எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பிய இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகள் அங்கே வந்து முடிகின்றன. அந்தக் கம்பிகளில் எந்நேரமும் சுமார் 48 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். இதைத் தருவது எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெரிய பேட்டரிகள். தெருவில் கரண்ட் போனாலும் பழைய தொலைபேசி பேசியது இதனால்தான்.

ரிசீவரைத் தூக்கினால் சுற்று முழுமையாகி மின்னோட்டம் பாயும். 'இந்த வீட்டில் போனை எடுத்துவிட்டார்கள்' என்று எக்ஸ்சேஞ்ச் அதை வைத்துத்தான் புரிந்துகொள்கிறது. மணி அடிக்க வேண்டுமானால் அதே கம்பியில் விநாடிக்கு 25 தடவை திசை மாறும் மாறுமின்னோட்டத்தை அனுப்பும். அதன் மின்னழுத்தம் 70, 80 வோல்ட்டைத் தொடும். இந்தியாவில் மணி இரண்டு முறை சட்டென்று அடித்து, இரண்டு விநாடி ஓய்ந்து, மறுபடி இரண்டு முறை அடிக்கும்.

முதல் மணிக்கு முன்னால் ஒரு குட்டி நேரம் இருக்கிறது. ஓரிரு விநாடிதான். அந்த நேரத்தில், ரிசீவர் இன்னும் தாங்கியில் இருக்கும்போதே, எக்ஸ்சேஞ்ச் கூப்பிடுகிறவரின் எண்ணை ஒலிகளாக மாற்றிக் கம்பியில் அனுப்பிவிடுகிறது. ரிசீவர் தாங்கியில் இருப்பதால் நம் காதுக்கு அது வருவதில்லை. பெட்டி மட்டும் கேட்கிறது.

எண்ணை எப்படி ஒலியாக்குவது? தொலைபேசிப் பொத்தானை அழுத்தும்போது 'பீங்' என்று ஒரு சத்தம் வருமே, அதேதான். ஒரே சத்தம்போல் கேட்டாலும் உண்மையில் அது இரண்டு ஒலிகள் சேர்ந்தது. பொத்தான்கள் நான்கு வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தாழ்ந்த ஒலி உண்டு: மேலிருந்து கீழே 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. பொத்தான்கள் மூன்று பத்தியாகவும் நிற்கின்றன. இடமிருந்து வலமாக அவற்றின் உயர்ந்த ஒலிகள் 1209, 1336, 1477 ஹெர்ட்ஸ். 4-ஐ அழுத்தினால் 770-ம் 1209-ம் சேர்ந்து ஒலிக்கும். 0-வுக்கு 941-ம் 1336-ம். வகுப்பில் 'இரண்டாவது பெஞ்ச், நடுவில் இருப்பவர்' என்றால் ஒரே ஒருவர்தானே எழுந்து நிற்பார்? அதுபோல வரிசை ஒலியையும் பத்தி ஒலியையும் சொல்லிவிட்டால் ஒரே ஒரு பொத்தான்தான் மிஞ்சும்.

700, 800, 1400 என்று சுலபமான எண்களாக வைத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கேதான் இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. மனிதக் குரலோ வீணைத் தந்தியோ ஒரு சுருதியில் ஒலிக்கும்போது அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளும் கூடவே வரும். ஒருவர் 700 ஹெர்ட்ஸில் பாடினால் 1400-ம் தானாகவே ஒலிக்கும். அந்த இரண்டையும் ஒரு பொத்தானுக்கு வைத்திருந்தால், பக்கத்தில் யாராவது பாடும்போது இயந்திரம் பொத்தான் அழுத்தியதாக ஏமாந்துபோகும். அதனால் ஒன்று இன்னொன்றின் மடங்காக வராதபடி எண்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அமெரிக்காவின் பெல் நிறுவனம் இந்தப் பொத்தான் தொலைபேசியை மக்களுக்குக் கொடுத்தது 1963-இல். இன்றைக்கும் அதே எட்டு எண்கள்தாம்.

எட்டா? நான்கும் மூன்றும் ஏழுதானே! எண்ணிப் பார்த்திருந்தால் சபாஷ். நாலாவது பத்தி ஒன்று உண்டு. அதன் ஒலி 1633 ஹெர்ட்ஸ். ஏ, பி, சி, டி என்ற நான்கு பொத்தான்கள் அந்தப் பத்தியைச் சேர்ந்தவை. வீட்டுத் தொலைபேசியில் அவற்றை வைப்பதில்லை. ஆனால் காலர் ஐடிக்கு அவை கைகொடுக்கின்றன. 'எண் தொடங்குகிறது' என்று சொல்ல ஏ அல்லது டி ஒலி, நடுவில் எண்கள், 'முடிந்தது' என்று சொல்ல சி ஒலி என்பது வழக்கமான முறை. வீட்டில் யாரும் அழுத்த முடியாத பொத்தான் என்பதால் குழப்பம் வராது.

இதைச் சோதித்துப் பார்க்க ஆசையா? ஒலியின் அதிர்வெண்ணைப் படமாகக் காட்டும் இலவச செயலிகள் கைப்பேசிக்கு இருக்கின்றன. பெரியவர்களிடம் சொல்லி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் உள்ள தொலைபேசியில் 5-ஐ அழுத்திப் பிடித்து, கைப்பேசியைக் கிட்டத்தில் காட்டுங்கள். படத்தில் இரண்டு கூர்முனைகள் எழும்பும். ஒன்று 770-க்குப் பக்கத்தில், இன்னொன்று 1336-க்குப் பக்கத்தில். விரலை எடுத்தால் இரண்டும் ஒன்றாகச் சரியும். 941-லும் 1477-லும் முனை எழும்பினால் எந்தப் பொத்தானை அழுத்தியிருப்பார்கள் என்று கண்டுபிடியுங்கள்.

இனி பெட்டியை மாட்டுவோம். அதன் பின்புறம் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் 'லைன்' என்றும் இன்னொன்றில் 'போன்' என்றும் எழுதியிருக்கும். சுவரிலிருந்து வரும் ஒயரைத் தொலைபேசியிலிருந்து கழற்றி 'லைன்' துளையில் செருக வேண்டும். 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும். பெட்டியோடு வரும் குட்டை ஒயரை 'போன்' துளையிலிருந்து தொலைபேசிக்குக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்தது. முன்பின் தெரியாதவர்கூட ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். ஆனால் ஒயரின் தோலைச் சீவுவது, ரோசெட்டைத் திறப்பது எல்லாம் வேண்டாம். மணி அடிக்கும் நேரத்தில் வெறும் கம்பியைத் தொட்டால் நன்றாகவே ஷாக் அடிக்கும். இடி மின்னல் சமயத்தில் ஒயர் பக்கமே போகக் கூடாது.

கம்பியில்தான் 48 வோல்ட் இருக்கிறதே, பெட்டிக்குத் தனியாக பேட்டரி எதற்கு? அருமையான கேள்வி. பெட்டி கம்பியிலிருந்து மின்னோட்டத்தை இழுத்தால், ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும், மணியே அடிக்காது. அதனால் பெட்டி கம்பியிலிருந்து ஏறக்குறைய ஒன்றும் எடுக்காமல் ஒட்டுக்கேட்க மட்டும் செய்கிறது. திரைக்கும் நினைவகத்துக்கும் வேண்டிய மின்சாரம் சொந்த பேட்டரியிலிருந்து வருகிறது.

பேட்டரி மாற்றியதும் தேதியையும் நேரத்தையும் மறக்காமல் சரிசெய்யுங்கள். இரட்டை ஒலி முறையில் எண் மட்டும்தான் வரும், நேரம் வராது. 'நேற்று மாலை 6 மணிக்கு இந்த எண்ணிலிருந்து கூப்பிட்டார்கள்' என்று பெட்டி காட்டுவது அதன் சொந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான். கடிகாரம் தப்பானால் பட்டியலும் தப்பாகும்.

இன்னொரு முறையும் இருக்கிறது. அதில் இரண்டே ஒலிகள். ஒன்றுக்கு 1 என்று பொருள், மற்றதற்கு 0. கணினி பேசும் மொழியில் விநாடிக்கு 1200 துணுக்குகளாகச் செய்தி வரும். எண்ணோடு தேதியும் நேரமும்கூட அதில் இருக்கும். அமெரிக்காவில் இந்தச் செய்தி முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் வருகிறது. அங்கே முதல் மணியிலேயே அவசரப்பட்டு எடுத்தால் எண் தெரியாது. இங்கே விற்ற பெட்டிகள் பல, இரண்டு முறையையும் புரிந்துகொள்ளும். இப்போது ஃபைபர் இணைப்பு வந்த வீடுகளில் தொலைபேசியை மோடத்தில்தான் செருகுகிறோம். அங்கே மணியையும் எண்ணின் ஒலியையும் உண்டாக்குவது வீட்டிலேயே இருக்கும் அந்த மோடம்.

பெட்டி வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. அந்த இணைப்புக்கு எண் காட்டும் வசதியை எக்ஸ்சேஞ்சில் திறந்துவிட்டிருக்க வேண்டும். மாட்டியும் திரை வெறுமையாகவே இருந்தால் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

எண் வந்துவிட்டது. அது என்ன சொல்கிறது? இங்கேதான் திருத்தணி மற்ற ஊர்களைவிடச் சுவாரசியமானது. திருப்பதியிலிருந்து வரும் அழைப்பு 0877 என்று தொடங்கும், சித்தூரிலிருந்து வந்தால் 08572. பக்கத்து ஊரான அரக்கோணம் 04177. 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சென்னைக்கும் திருத்தணிக்கும் ஒரே குறியீடு, 044. தமிழ்நாடு, கேரளக் குறியீடுகள் 04 என்று ஆரம்பிக்கும். கர்நாடகமும் ஆந்திரமும் தெலங்கானாவும் 08. (ஐதராபாத்தின் 040 மட்டும் விதிவிலக்கு.) எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இரண்டாவது இலக்கத்திலேயே தெரிந்துவிடும். தமிழும் தெலுங்கும் புழங்கும் ஊர் இது. எந்த மொழியில் பேச்சைத் தொடங்கலாம் என்று ரிசீவரை எடுப்பதற்குள் ஓர் ஊகம் கிடைத்துவிடும்.

திருத்தணியே ஒரு காலத்தில் அந்தப் பக்கம் இருந்ததுதான். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி, ம.பொ.சிவஞானம் போன்றோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதே 1960-இல்தான், ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேரடியாக எண் சுழற்றும் எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் முதன்முதலாக லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கியது. ஊருக்கொரு குறியீடு தேவைப்பட்டது அப்படித்தான்.

அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்சுக்குக் கூப்பிடுகிறவர் யார் என்று தெரியாது. பெங்களூரில் 1948-இல் தொடங்கிய ஐ.டி.ஐ. தொழிற்சாலை செய்த ஸ்ட்ரௌஜர் வகைக் கருவிகளில், நாம் சுழற்றும் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் இரும்புக் கை மேலேறி, திரும்பி, ஒரு முனையைத் தொட்டு நிற்கும். அப்படியே கைக்குக் கை தாண்டி இணைப்பு கிடைக்கும். வந்த வழியை அது எங்கும் எழுதி வைப்பதில்லை. தொல்லை கொடுக்கும் அழைப்பைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், பேச்சு முடிவதற்குள் ஊழியர் ஒருவர் அலமாரி அலமாரியாக நடந்து, எந்தக் கை எதைத் தொடுகிறது என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

எண்ணையும் கூடவே அனுப்பலாம் என்று யோசித்தவர்களில் முன்னோடி, கிரேக்கத்தைச் சேர்ந்த தியோடோர் பராஸ்கெவாகோஸ். 1968-இல் ஏதென்ஸில் இதற்கான வேலையைத் தொடங்கினார். ஜப்பானின் கசுவோ ஹஷிமோட்டோ 1976-இல் எண் காட்டும் மாதிரிக் கருவியைச் செய்தார். அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் 1984-இல் மக்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். அதே ஆண்டு இந்தியாவில் சி-டாட் நிறுவனம் பிறந்தது. நம் நாட்டு வெயிலையும் தூசியையும் தாங்கும், ஏ.சி. தேவைப்படாத, 128 இணைப்புள்ள சிறிய டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சை அங்கிருந்த பொறியாளர்கள் உருவாக்கினார்கள். 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் அது முதலில் நிறுவப்பட்டது. கிராமத்துக்கும் சிறு நகரத்துக்கும் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சைக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்தப் பொறியாளர்களை நாம் இன்னும் கூடுதலாகக் கொண்டாட வேண்டும் என்பது என் எண்ணம். எக்ஸ்சேஞ்ச் கணினியானதும் அழைப்போடு எண்ணும் ஓர் எக்ஸ்சேஞ்சிலிருந்து அடுத்ததற்குக் கைமாற முடிந்தது.

இங்கே நன்றாகக் கவனியுங்கள். திரையில் தெரிவது, கடைசி எக்ஸ்சேஞ்ச் நம் பெட்டிக்குச் சொன்ன எண். அந்தக் கடைசி எக்ஸ்சேஞ்சுக்கு அதற்கு முந்திய எக்ஸ்சேஞ்ச் சொன்னது. இணையம் வழியாக அழைப்பை நுழைக்கும் ஏமாற்றுக்காரர்கள், தொடக்கத்திலேயே பொய் எண்ணை எழுதி அனுப்பிவிட முடியும். வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இந்திய எண்போலக் காட்டிய அழைப்புகளைத் தடுக்க, மத்திய அரசு 2024 அக்டோபரில் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. விளம்பர அழைப்புகளுக்கு 140, வங்கி போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தனி எண்வரிசைகளும் இருக்கின்றன. ஆனாலும் பெட்டியால் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது. இரட்டை ஒலியைக் கேட்டு எண்ணாக்கத்தான் அதற்குத் தெரியும்.

'போலீஸ் பேசுகிறோம், உன் அப்பாவைப் பிடித்துவிட்டோம், பணம் அனுப்பு' என்று யாராவது மிரட்டினால், திரையில் எந்த எண் இருந்தாலும் போனை வைத்துவிட்டு வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அவர்கள் 1930-க்கு உடனே புகார் சொல்ல வேண்டும். தெரிந்தவரின் எண்ணிலிருந்தே சந்தேகமான அழைப்பு வந்தால், நீங்களே அந்த எண்ணைத் திருப்பிக் கூப்பிடுங்கள். லேண்ட்லைனிலிருந்து கைப்பேசிக்கு என்றால் முன்னால் 0 சேர்க்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் இதுதான் விதி. வரும் அழைப்பில் பொய் எண்ணை எழுதலாம். நாம் எண்ணை அழுத்தும்போது எக்ஸ்சேஞ்ச் அந்த எண் யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதோ அவருடைய இணைப்பைத் தேடித்தான் போகும்.