15 மீட்டர்... 30 விநாடி... ஒரு விசில்!

சின்னதா ஒரு டெஸ்ட் பாஸ். இப்போ நீங்க உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து சரியாக 15 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளைக் காட்டுங்க பார்ப்போம். ஸ்கேல், டேப் எல்லாம் கூடாது. கண்ணால் மட்டும்!

கேன்டீன் கதவா? அந்த வேப்பமரமா? குழப்பமா இருக்கா? ஒரு க்ளூ தர்றேன். கிரிக்கெட் பிட்ச் 20.12 மீட்டர். அதில் முக்கால்வாசி. இப்பவும் சந்தேகமாத்தான் இருக்கும். இதே வேலையை ஓடிக்கொண்டே, ஆயிரக்கணக்கானோர் காட்டுக்கத்தல் கத்தும்போது, ஒரு மேட்ச்சில் பல தடவை செய்யணும்னா எப்படி இருக்கும்? அதுதான் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் அம்பயரின் பொழப்பு.

'அது எதுக்கு நமக்கு?'ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு இருக்கு. கடைசியில் சொல்றேன்.

கிரிக்கெட் பெத்த பிள்ளை!

அங்கே செல்லமாக 'ஃபுட்டி' என்கிறார்கள். முதலில் இது பிறந்த கதையைக் கேளுங்க. 1858-ல் மெல்போர்னில் டாம் வில்ஸ் என்று ஒரு கிரிக்கெட் வீரர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். 'குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் சும்மா உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்க வேண்டாம், ஒரு ஃபுட்பால் கிளப் ஆரம்பிப்போம்' என்பதுதான் அதன் சாரம். அடுத்த ஆண்டே விதிகள் எழுதியாச்சு. ஆக, நம்ம ஊரே கொண்டாடும் கிரிக்கெட்டுக்கு ஆஃப் சீஸன் வேலையாகப் பிறந்ததுதான் ஃபுட்டி.

இன்றைக்கும் ஆடுவது ஓவல் மைதானத்தில்தான். ஒரு டீமுக்கு 18 பேர். பந்து முட்டை வடிவம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையில் உதைத்தால் 6 பாயின்ட், அது கோல். கொஞ்சம் தள்ளிப் போனாலோ, கம்பத்தில் பட்டாலோ 1 பாயின்ட்தான். அதற்குப் பெயர் 'பிஹைண்ட்'.

இதில் ஹீரோயிஸமே 'மார்க்'தான். சக வீரர் உதைத்த பந்து குறைந்தது 15 மீட்டர் பறந்து, வேறு யார் கையும் படாமல் வந்து, அதை நீங்க லபக்கென்று பிடித்தால் அது மார்க். அடுத்தவன் தோள் மேல் முட்டியை வைத்து ஏறிப் பிடிப்பவர்களும் உண்டு. பிடித்த அடுத்த நொடி அம்பயர் விசில் ஊதுவார். அதுவரை உங்களைக் கீழே தள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் விலகி நிற்கணும். நீங்க நிதானமாகப் பின்னால் போய், தொந்தரவில்லாமல் உதைக்கலாம். அந்தப் பெரும் ரகளைக்கு நடுவில் உங்களுக்கென்று கிடைக்கும் ஒரு சின்ன அமைதி!

கடிகாரம் யாருக்காக?

அமைதி கிடைத்ததே என்று அங்கேயே செட்டில் ஆக முடியாது. கோலை நோக்கி உதைக்கப் போகிறீர்களா? உங்களுக்கு 30 விநாடி. அதற்குள் கிளம்பணும். வெறும் பாஸ்தான் என்றால் சில விநாடிகளே. 'நியாயமான நேரம்' எப்போது முடிந்தது என்பதை அம்பயர்தான் தீர்மானிக்கிறார். நீங்க நேர்க்கோட்டை விட்டு விலகி ஓடினாலும், நேரத்தை இழுத்தாலும் 'பிளே ஆன்!' என்று கத்துவார். அவ்வளவுதான், அமைதி கட்! சுற்றி நிற்பவர்கள் உங்க மேல் பாயலாம்.

கோல் அடிக்கிறவர்களுக்கு ஏன் நேரக் கட்டுப்பாடு? எஸன்டன் டீமின் மேத்யூ லாய்டு மாதிரி ஆட்களை நினைத்துக்கொள்ளுங்க. உதைக்கும் முன் புல்லைப் பிடுங்கி மேலே தூவி, காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்ப்பது அவர் வழக்கம். காமெடி என்னன்னா, கூரை மூடிய ஸ்டேடியத்திலும் அதையே செய்வார்! பரீட்சை ஹாலில் பேனாவை மூன்று முறை தட்டிவிட்டு எழுத ஆரம்பிக்கும் நம்ம ஆட்களைப் போலத்தான். அது மனசைக் கட்டிப்போடும் வித்தை. ஆனால், ஒருத்தருடைய மனசு அடங்கும்வரை மற்ற 35 பேரும் எவ்வளவு நேரம் காத்திருப்பது? அதுக்குத்தான் கணக்கு.

எதிராளிக்கும் கணக்கு உண்டு. மார்க் பிடித்த இடத்தில் எதிர் டீமில் ஒருவர் நிற்கலாம். கையைத் தூக்கலாம், குதிக்கலாம். 2021-ல் வந்த புது விதிப்படி அம்பயர் 'ஸ்டாண்ட்!' என்றால் இடம் வலமாக நகரக்கூடாது. நம்ம ஸ்கூல் 'ஸ்டாச்சு' விளையாட்டேதான். நகர்ந்தால்? பந்தை வைத்திருப்பவர் 50 மீட்டர் முன்னேறிடுவார். நேராக கோல் வாசலுக்கே போய் நிற்கும் அளவுக்குப் பெரிய தண்டனை அது.

21 வயசில் ஒரு தப்படி

இப்போ ஒரு நிஜக் கதை. ஜிம் ஸ்டைன்ஸ். அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர். 1984-ல் மெல்போர்ன் கிளப் அவரை அழைத்து வந்தது. அதுவரை அவர் ஆடியது கேலிக் ஃபுட்பால். இங்கே பந்தின் வடிவமே வேற. தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு 1987-ல் மெயின் டீமுக்கு வந்தார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பைனலுக்கு முந்தைய மேட்ச். எதிரே ஹாதார்ன் டீம். 1964-க்குப் பிறகு மெல்போர்ன் பைனல் பக்கமே போனதில்லை. கேப்டன் ராபர்ட் ஃப்ளவர் 15 சீஸன் ஆடியவர், ஒரு பைனல்கூடப் பார்க்காதவர். இதுதான் அவருடைய கடைசி சீஸன். கடைசி விநாடிகள். மெல்போர்ன் 4 பாயின்ட் முன்னிலை. ஹாதார்னின் கேரி பக்கனாராவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைக்கிறது. கோல் ரொம்ப தூரம். ஏறக்குறைய பைனலுக்கு டிக்கெட் எடுத்தாச்சு.

அப்போது ஸ்டைன்ஸ் தன் ஆளைக் கவர் பண்ணும் அவசரத்தில், பக்கனாராவுக்கும் மார்க்குக்கும் நடுவில் குறுக்கே ஓடினார். யாரையும் தொடவில்லை, தள்ளவில்லை. சும்மா ஓடினார். ஆனால், விதி விதிதான். அம்பயர் 15 மீட்டர் அபராதம் கொடுத்தார். அப்போதெல்லாம் அதுதான் அளவு. தூரம் குறைந்தது. மேட்ச் முடிந்ததற்கான சைரன் ஒலித்த பிறகு, பக்கனாரா உதைத்தார். கோல்! ஹாதார்ன் 2 பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஃப்ளவர் பைனல் பார்க்காமலே ரிட்டயர்டு ஆனார்.

21 வயசு பாஸ். கிட்டத்தட்ட நம்ம வயசு. ஒரு கிளப்பின் 23 வருஷக் கனவை உடைத்தவன் என்ற பேரோடு மறுநாள் காலையில் எழுந்திருக்கணும். அடுத்த ஆண்டே அந்த அபராதம் 50 மீட்டர் ஆனது.

விசில் தப்பானால்?

'சரி, அங்கே அம்பயர் சரியாத்தான் சொன்னார். அம்பயரே தப்பு பண்ணினா?' நியாயமான கேள்வி. இரண்டு மேட்ச் சொல்றேன்.

2006 ஏப்ரல் 30. டாஸ்மேனியாவின் லான்ஸ்டன் மைதானம். ஃப்ரீமேன்டில் 94, செயின்ட் கில்டா 93. சைரன் ஒலித்துவிட்டது. ஆனால், அம்பயர்கள் காதில் விழவில்லை! ஆட்டம் தொடர்ந்தது. செயின்ட் கில்டா ஒரு பாயின்ட் எடுத்து 'டிரா' ஆக்கிவிட்டது. ஃப்ரீமேன்டில் புகார் செய்ய, மூன்றே நாளில் லீக்கின் கமிஷன் ரிசல்ட்டை மாற்றி ஃப்ரீமேன்டிலுக்கு வெற்றி கொடுத்தது. அம்பயர் கவனிக்கும்வரை சைரனை ஒலிக்கவிடுவது டைம்கீப்பர்களின் கடமை, அதை அவர்கள் செய்யவில்லை என்பதுதான் காரணம். இதற்கு முன் இப்படி ரிசல்ட் மாறியது 1900-ல். அப்போது பலன் அடைந்தது யார் தெரியுமா? இதே செயின்ட் கில்டா! அதுவரை ஆடிய 48 மேட்ச்சிலும் தோற்றிருந்த அந்த டீமுக்குக் கிடைத்த முதல் வெற்றியே அதுதான். கொடுத்த கை எடுத்தும் விட்டது.

2023 ஆகஸ்ட் 19. அடிலெய்டு ஓவல். மேட்ச் முடியும் தறுவாயில் அடிலெய்டின் பென் கீஸ் உதைத்த பந்து கோலுக்குள் போனது. கோல் அம்பயர், 'கம்பத்தில் பட்டது' என்று 1 பாயின்ட் கொடுத்தார். வீடியோ பார்க்கும் வசதி இருந்தும் ரிவ்யூ கேட்கவில்லை. ஏன்னா, அவருக்குச் சந்தேகமே வரலை! சிட்னி 1 பாயின்ட்டில் ஜெயித்தது. மறுநாள் லீக்கின் தலைமை அதிகாரி 'தப்புதான்' என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆனால், ரிசல்ட் மாறவில்லை. அந்த சீஸனில் அடிலெய்டு இறுதிச்சுற்றுக்குள் நுழையவும் இல்லை.

என் இன்ஜினீயரிங் மூளைக்கு ஒரு விஷயம் இங்கேதான் உறைத்தது. கடிகாரத்தின் தப்பைத் திருத்தலாம், ஏன்னா மேட்ச் முடிந்த நொடி எதுன்னு ஒரு பதில் இருக்கு. ஆனால், மனுஷனின் தீர்ப்பைத் திருத்த ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? முதல் குவார்ட்டரில் 14 மீட்டரை 15 என்று சொன்னதையும் திருத்தணுமே! கேமரா சென்சார் எல்லாம் வைத்தாலும், 'இதில் எனக்குச் சந்தேகம்' என்று ஒருத்தருக்குத் தோன்றணும். அந்த சந்தேகத்துக்கு இன்னும் சென்சார் வரலை.

அம்பயரும் மனுஷன்தான் என்பதை லீக் ஒரு கட்டத்தில் சீரியஸாகவே எடுத்துக்கொண்டது. 2022-ல் கண்டிப்பு கூடியது. தீர்ப்பை எதிர்த்துக் கையை விரித்தாலே 50 மீட்டர்! 'இது டூ மச்' என்று ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால், உள்ளூர் மேட்ச்களில் திட்டு வாங்கியே நொந்துபோய், அம்பயராக நிற்க ஆளே கிடைக்காத நிலை. பெரிய ஆட்டக்காரர் டி.வி-யில் கையை விரித்தால், ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் 16 வயசு அம்பயரைப் பார்த்து யாரோ ஒரு அப்பா கெட்ட வார்த்தையில் கத்துவார். 2023-லிருந்து பெரிய லீக்கில் மூன்றுக்குப் பதில் நான்கு ஃபீல்ட் அம்பயர்கள் ஓடுகிறார்கள். சுமை கொஞ்சம் குறைந்தது. விசில் ஊதும் அந்த ஒரு நொடி மட்டும் இப்பவும் ஒருத்தர் தலையில்தான்.

சொந்தக் கணக்கு

போன வருஷம் டிபார்ட்மென்ட்டுகளுக்கு இடையிலான கிரிக்கெட் பைனல். ஆள் இல்லைன்னு என்னை ஸ்கொயர் லெக்கில் நிற்கவைத்தார்கள். என் ரூம்மேட் ரன் அவுட். விரலைத் தூக்கினேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனான். ராத்திரி யாரோ போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தோம். பேட் உள்ளே இருந்தது. ரெண்டு இன்ச். எங்க டீம் தோற்றது 4 ரன்னில்.

ரெண்டு நாள் நான் அவன் முகத்தைப் பார்க்கலை. அவன் கோபமா இருப்பான்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். அதுவும் ஒரு தப்பான தீர்ப்புதான். மூணாவது நாள், 'டேய், ஸாரி'ன்னேன். 'அடுத்த மேட்ச்சும் நீயே நில்லுடா. இனிமே உன்னைவிட ஜாக்கிரதையா எவனும் பார்க்க மாட்டான்'னு சொல்லிட்டு மெஸ்ஸுக்குக் கிளம்பிட்டான்.

ஸ்டைன்ஸ் கதையை நான் முழுசாப் படித்தது அதுக்கப்புறம்தான். குறுக்கே ஓடின அந்தப் பையன், ஊருக்குத் திரும்பிப் போகலை. தொடர்ந்து 244 மேட்ச், ஒன்றுகூட விடாமல் ஆடினார். 2025 வரை அதுதான் லீக்கின் சாதனை. 1994-ல் இளைஞர்களுக்காக 'ரீச்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2008-ல் அதே மெல்போர்ன் கிளப்புக்குத் தலைவரானார். 2012-ல், 45 வயசில், கேன்சரில் இறந்தபோது அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது.

நடுவில் ஒன்றை விட்டுட்டேன். சீஸனின் சிறந்த வீரருக்கு 'பிரவுன்லோ' மெடல் கொடுப்பார்கள். 1991-ல் அதை வாங்கியவர் ஜிம் ஸ்டைன்ஸ். அந்த மெடலுக்கு ஓட்டுப் போடுவது ரசிகர்களும் இல்லை, கோச்சும் இல்லை.

அம்பயர்கள்!