சாவைப் பிடித்து வைக்கும் புரதம்

கோல சிலாங்கூரில் செம்பனைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் நட்ட கன்றுகளோடுதான் மலேசியாவில் வணிகச் செம்பனை தொடங்கியது. மரத்தைச் சாய்த்து அதே நிலத்தில் மறுநடவு செய்யச் செய்ய, கனோடெர்மா காளானும் கூடவே வருகிறது. பழைய அடிக்கட்டையிலும் வேரிலும் தங்கியிருந்து, புதுக்கன்றின் வேர் பட்டதும் ஏறிக்கொள்கிறது. குருத்துகள் விரியாமல் இரண்டு மூன்றாக நிற்கும். அடிமட்டைகள் ஒடிந்து தண்டோடு தொங்கும். விளிம்பு வெளுத்த செம்பழுப்புக் காளான் அடித்தண்டில் தலைகாட்டும்போது உள்ளே பெரும்பகுதி இற்றுப்போயிருக்கும். முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லாததால், நோய் தாங்கும் மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம்பிக்கை. அந்தத் தேர்வில், மரம் தன் உயிரணுக்களை எவ்வளவு விரைவாகச் சாகவிடுகிறது என்பதைவிட, எப்படிச் சாகாமல் பிடித்து வைக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

பாடநூல் சொல்வது வேறு. கிருமி நுழைந்த இடத்து உயிரணுக்கள் தாமாகவே செத்து அதைப் பட்டினி போட்டுவிடும் என்கிறது. உயிருள்ள திசுவில் மட்டுமே பிழைக்கும் துருநோய்ப் பூஞ்சைக்கு இது சரி. செத்த திசுவைத் தின்னும் பூஞ்சைக்கோ அதுவே விருந்து. கோவ்ரின், லெவின் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இந்தத் தற்கொலை கூடக் கூடச் சாம்பல் பூசணமும் கூடியது. கனோடெர்மாவும் கடைசியில் கொன்று தின்னும் இனம்தான்.

சாவைப் பிடித்து வைப்பது எது? கொழுப்பு மூலக்கூறுகள் நீரில் கரையாதவை. அவற்றை ஒரு சவ்விலிருந்து இன்னொரு சவ்வுக்கு மடியில் பொத்திக் கொண்டுபோகும் புரதங்கள் உண்டு; ஏசிடி11 அவற்றில் ஒன்று. இது இல்லாத அராபிடாப்சிஸ் செடியை 2002-இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். எந்தக் கிருமியும் தொடாமலே, இளம் பருவத்திலேயே அது கருகிச் செத்தது. தற்காப்பைத் தூண்டிவிடும் சாலிசிலிக் அமிலத்தைச் சிதைக்கும் பாக்டீரிய நொதி ஒன்றைச் செடிக்குள் சேர்த்தபோது அது பிழைத்தது. ஆக, ஊட்டமில்லாமல் வந்த சாவல்ல அது. தற்காப்புத் திட்டமே கடிவாளம் அறுந்து ஓடியிருக்கிறது. அந்தப் புரதம் சுமப்பது செரமைடு-1-பாஸ்பேட் என்ற கொழுப்பு என்பதும், புரதம் இல்லாதபோது சாவைத் தூண்டும் செரமைடு என்ற கொழுப்புகள் ஏறிவிடுகின்றன என்பதும் 2014-இல் தெரியவந்தன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. லாஸ்5 என்ற காவல் புரதத்தின் வேலையைத் தடுத்துவிட்டால், ஏசிடி11 இல்லாத செடியும் சாவதில்லை என்று 2010-இல் காட்டப்பட்டது. அப்படியானால் கொழுப்பு ஏறியது காரணமல்ல, புரதம் காணாமல்போனதைக் காவலாளி கவனித்ததுதான் காரணம் என்று வாதிடலாம். இருக்கட்டும், எதிரி குறிவைக்காத இடத்துக்குக் காவல் எதற்கு? தக்காளியைத் தாக்கும் ஆல்டர்னேரியா பூஞ்சையின் நஞ்சு, செரமைடு உருவாவதையே குலைத்துத்தான் உயிரணுவைச் சாகவைக்கிறது. எந்த விளக்கத்தை ஏற்றாலும் கொழுப்பின் கணக்கு தப்பும் இடத்தில்தான் சாவு தொடங்குகிறது.

சாண் உயரச் செடியின் கதை செம்பனைக்குப் பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. செம்பனையின் மரபணுத் தொகுதி 2013-லேயே வெளியாகிவிட்டதால், இணையான மரபணுக்களைத் தேடிப் பார்க்க முடியும். அடிக்கட்டையைத் தோண்டி அப்புறப்படுத்தும் வேலையை இது மாற்றாது. கடிவாளம் ஒரேயடியாக இறுகினால் வேறு நோய்களுக்கு வழிவிடும் ஆபத்தும் உண்டு. ஆனால் கனோடெர்மா ஏறிய ரப்பர் கட்டையை நாற்றங்காலில் கன்றின் வேரோடு வைத்துச் சோதிக்கும் முறை ஏற்கனவே இருக்கிறது. எத்தனை கன்றுகள் செத்தன என்று எண்ணுவதோடு, வேரில் செரமைடு எப்போது ஏறியது, ஏசிடி11-க்கு இணையான புரதம் எப்போது குறைந்தது என்றும் அதே கன்றுகளில் அளக்க வேண்டும்.