21575: மகளுக்குக் கிடைத்த கோள், அப்பாவின் பெயரில்

பேசாலைக் கரையில் மின்சாரம் நின்றுபோன இரவில் அண்ணாந்து பார்த்தால் வெள்ளிகள் தெரியும். கண்ணுக்குத் தெரியாதவையோ அவற்றைவிடப் பல மடங்கு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சூரியனைச் சுற்றும் இலட்சக்கணக்கான சிறுகோள்கள் அப்படிப்பட்டவை. அவற்றில் 21575ஆம் எண்ணுடையதன் பெயர் பத்மநாபன்.

புனேயில் படித்த மாணவி ஹம்சா பத்மநாபன், 2006இல் அமெரிக்காவில் நடந்த இன்டெல் சர்வதேச விஞ்ஞானக் கண்காட்சியில் பரிசு பெற்றார். அக்கண்காட்சியில் முன்னணிக்கு வரும் மாணவர்களின் பெயரை, நியூ மெக்சிகோவில் தாங்கள் கண்டுபிடித்த சிறுகோள்களுக்குச் சூட்டுவது எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வுகூடத்தாரின் வழக்கமாக இருந்தது. அப்படித்தான் இக்கல்லுக்குப் பெயர் வந்தது. ஹம்சா பின்னர் வானியலிலேயே கலாநிதிப் பட்டம் பெற்றார்.

பத்மநாபன் என்பது அவருடைய தந்தையின் பெயர். தந்தை தாணு பத்மநாபனும் பேர்பெற்ற வானியற்பியலாளர், 2021இல் காலமானார். நம்மிடமும் தகப்பன் பெயர்தானே பிள்ளையின் பெயரோடு வருகிறது? தகப்பன் எங்கே என்று இன்னும் தெரியாத பிள்ளைகளும் அந்தப் பெயரோடுதான் பள்ளி இடாப்பில் இருக்கிறார்கள்.

பெயர் வைப்பதற்கு விதிகள் உண்டு. முதலில் சுற்றுப்பாதை சந்தேகமின்றிக் கணிக்கப்பட வேண்டும். அதற்குப் பல வருட அவதானிப்பு தேவை. பிறகுதான் நிரந்தர எண் கிடைக்கும். பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்குப் பத்து ஆண்டுகள் உண்டு. 16 எழுத்துருக்களுக்கு மேல் போகக்கூடாது. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அரசியலாலோ போராலோ அறியப்பட்ட ஒருவரின் பெயரையோ நிகழ்வின் பெயரையோ வைப்பதென்றால், அவர் இறந்து அல்லது அது நடந்து 100 ஆண்டுகள் கழிய வேண்டும். பள்ளி மாணவிக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

இந்தப் பெயர்கள் விற்பனைக்கில்லை. இறந்த பிள்ளையின் பெயரை நட்சத்திரத்துக்கு வைத்துத் தருகிறோம் என்று இணையத்தில் காசு வாங்குபவர்கள் தரும் சான்றிதழை எந்த வானியலாளரும் கணக்கில் எடுப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப நினைப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

மன்னார்ப் பிள்ளைகளுக்கு வேறொரு வழி திறந்திருக்கிறது. சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு என்ற அமைப்பு, ஹவாய்த் தொலைநோக்கி எடுக்கும் படங்களைப் பாடசாலைக் குழுக்களுக்கு இலவசமாக அனுப்புகிறது. ஒரு கணினி, இணையம், பொறுமையுள்ள ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். அடுத்தடுத்த படங்களில் இடம் மாறும் புள்ளியைத் தேட வேண்டும். புதிய கோளாக உறுதியானால், கண்டவர்களே பெயரை முன்மொழியலாம். அதற்குள் அந்தப் பிள்ளைகள் உயர்தரம் முடித்து, பல்கலைக்கழகத்தையும் முடித்திருக்கக் கூடும்.