பின் சக்கரம் சுடுகிறதா?

கடைக்குப் போய்விட்டுக் காரில் வீடு திரும்புகிறீர்கள். இறங்கியதும் தீய்ந்த வாடை! அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து சமையலறைக்கு ஓடாதீர்கள். பின் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால், அங்கே பிரேக் பிடி விடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

பின்னாலும் டிஸ்க் பிரேக் உள்ள கார்களில், சுழலும் தட்டை இடுக்கிபோல் கவ்வுவது காலிபர். பழைய காரில் அதன் ரப்பர் உறை கிழிந்து நீர் புகுந்தால் பிஸ்டன் துருப்பிடிக்கும். காலிபர் நகரும் ஊசிகளில் கிரீஸ் வற்றினாலும் பிடி விடாது. மழைக் காலத்தில் ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மாதக் கணக்கில் நிறுத்தினாலோ, கேட்கவே வேண்டாம்!

"ஓடத்தானே செய்கிறது" என்று இருந்துவிடாதீர்கள். சூடு மிஞ்சினால் பிரேக் எண்ணெய் கொதித்துவிடும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது.

பழுது பார்க்கும்போது பக்கத்தில் நின்று கவனியுங்கள். ஊசிகளைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸைத்தான் தடவ வேண்டும். சாதாரணக் கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். ஹாண்ட் பிரேக்கோடு இணைந்த பின் பிஸ்டனைப் பல கார்களில் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். அழுத்தித் தள்ளினால் கெட்டுவிடும். ஹாண்ட் பிரேக் கேபிள் தளர்ந்து திரும்புகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்டனைத் துரு தின்றிருந்தால் காலிபரையே மாற்றிவிடுங்கள். பிரேக் எண்ணெயைப் பொதுவாக 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

பால் தீய்ந்தால் வேறு பால் காய்ச்சிக்கொள்ளலாம். பிரேக்கில் அந்தச் சலுகை கிடையாது!